வினாவை இழந்த விடைகள்: சமூகக் கோட்பாடு, நிர்வாகம், வடிவமைப்பு ஆகிய துறைகளின் இடுபணிகள் குறித்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

இந்திய ஆய்வியல் துறையில் பயிலும் மாணவர்கள் இன்று தமிழ் இலக்கிய இலக்கணப் பாடங்களோடு நின்றுவிடுவதில்லை. சமூகவியல், நிர்வாகவியல், வடிவமைப்பு முதலிய பிற துறைப் பாடங்களையும் அவர்கள் விருப்பப் பாடமாக எடுக்கின்றனர். தமிழ்ப்பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்கள் பலர் கல்வி நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற முனைகின்றனர். ஆகவே, இத்துறைகளுக்குரிய இடுபணிகளை எவ்வாறு எழுதுவது என்னும் வினா, நமக்குத் தொடர்பில்லாத வேற்றுத்துறை வினா அன்று. அவ்விடுபணிகளை எழுதுவோர் நம் மாணவர்கள். அவற்றைப் படித்துத் திருத்தும் பொறுப்பும் சில வேளைகளில் நம்மைச் சார்கிறது.

இம்மூன்று துறைகளிலும் இடுபணிகள் எழுதப்படும் முறையில் ஒரு பொதுக்குறை உள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். ஒவ்வொரு கோட்பாடும் ஏதோ ஒரு வினாவுக்கு விடையாகப் பிறந்தது. இடுபணியில் விடை மட்டுமே எஞ்சுகிறது, வினா மறைந்துவிடுகிறது. வினாவை இழந்த விடை, எதன்மீதும் ஒட்டத்தக்க ஒரு வில்லையாக மாறிவிடுகிறது. இதனை வெபர், மாஸ்லோ, சைமன், ரிட்டல் ஆகியோரின் எழுத்துகளை முன்வைத்து ஆராய்வோம்.

வழக்கமான இடுபணியின் அமைப்பு

இன்று பெரும்பாலான இடுபணிகள் ஒரே அச்சில் வார்த்தவை போலக் காணப்படுகின்றன. முதலில் கோட்பாட்டாளரின் வாழ்க்கைக் குறிப்பு வரும். அடுத்து, கோட்பாட்டின் கூறுகள் எண்ணிட்டுப் பட்டியலிடப்படும். பின்னர், ஒரு நிறுவனமோ பள்ளியோ சமூகக் குழுவோ எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டு, ஒவ்வொரு கூறும் அதில் இருப்பதாகக் காட்டப்படும். இறுதியில், 'இக்கோட்பாடு இன்றும் பொருந்துகிறது' என்னும் முடிவு வரும்.

இவ்வமைப்பில் கோட்பாடு ஒருபோதும் தோற்பதில்லை. எடுத்துக்கொண்ட பொருள் எதுவாயினும் அது பொருந்தியே தீரும். பொருந்தாத செய்திகளை மாணவர் விட்டுவிடுவார். தோற்கவே முடியாத ஒரு கருவி எதனையும் அளப்பதில்லை என்பதை நாம் மாணவர்க்கு உணர்த்தத் தவறுகிறோம். இக்குறைக்கு மாணவரை மட்டும் பழித்தல் முறையன்று. 'விளக்குக', 'பொருத்திக் காட்டுக' என்று வினாத்தாள் கேட்கும்போது, விளக்குவதும் பொருத்துவதுமே மாணவர் கடமையாகின்றன.

வெபர்: சொற்களுக்குள் மறைந்த வினா

மாக்ஸ் வெபரின் பணித்துறை ஆட்சி பற்றிய கருத்து, சமூகவியல், நிர்வாகவியல் ஆகிய இருதுறை இடுபணிகளிலும் இடம்பெறுவது. படிநிலை, எழுத்துவடிவ விதிகள், பணிப்பகுப்பு, தகுதிவழி நியமனம் முதலியன நிர்வாகப் பாடநூல்களில் பட்டியலாகத் தரப்படுகின்றன. மாணவர் அவற்றைச் சிறந்த நிறுவனம் ஒன்றுக்கு வெபர் வகுத்தளித்த விதிகள் என்று கொண்டு, அவற்றின் நன்மை தீமைகளை எழுதுகின்றனர்.

ஆயின், வெபர் கேட்ட வினா 'நிறுவனத்தைத் திறம்பட நடத்துவது எப்படி?' என்பதன்று. 'மக்கள் ஏன் கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றனர்? அக்கட்டளை முறையானது என்று அவர்களை நம்பச் செய்வது எது?' என்பதே அவர் வினா. மரபு, தனிமனிதரின் ஈர்ப்பாற்றல், சட்டம் என்னும் மூவகை அடிப்படைகளை அவர் வேறுபடுத்தியது அவ்வினாவுக்கு விடை காணவே. அவர் 1920இல் மறைந்தபின் வெளியான 'பொருளியலும் சமூகமும்' என்னும் நூலில், பணித்துறை ஆட்சி என்பது சட்டவழி ஆதிக்கத்தின் தூய வடிவமாகவே இடம்பெறுகிறது.

இங்குத் தமிழ்ச் சொல்லாக்கமும் குழப்பத்துக்குத் துணைபோகிறது. வெபர் 1904ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விளக்கிய ஆய்வுக் கருவியை 'இலட்சிய வகை' என்று பெயர்க்கும்போது, விரும்பத்தக்கது, அடையவேண்டியது என்னும் பொருள் தானாகவே ஏறிவிடுகிறது. வெபரோ, உண்மையில் எங்கும் முழுமையாகக் காணப்படாத, ஒப்பிட்டு நோக்குவதற்காக மனத்தில் கூர்மையாக்கி அமைத்துக்கொண்ட ஒரு மாதிரியையே கருதினார். 'தூய மாதிரி' என்பது அப்பொருளுக்கு நெருங்கி வரும். ஒரு சொல்லைத் தேர்வதிலேயே கோட்பாட்டின் பாதிப் பொருள் தங்கியிருப்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது.

'இரும்புக் கூண்டு' என்னும் தொடரும் இத்தகையதே. வெபரின் 'புரொட்டஸ்தாந்து அறமும் முதலாளியத்தின் உணர்வும்' 1904–05இல் ஜெர்மானிய மொழியில் வெளிவந்தது. அதனை 1930இல் ஆங்கிலத்தில் பெயர்த்த டால்காட் பார்சன்ஸ் தந்த தொடரே இரும்புக் கூண்டு. மூலத்தொடரோ எஃகுபோல் கடினமான ஓர் ஓட்டையோ உறையையோ குறிப்பது. இவ்வேறுபாட்டைப் பீட்டர் பேயர் 2001இல் எழுதிய கட்டுரையில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கூண்டுக்குள் அகப்பட்டவர் உள்ளுக்குள் மாறாதவராக இருக்கலாம். கதவு திறந்தால் வெளியேறலாம். ஓடோ உயிரோடு ஒட்டியது. அது அவ்வுயிரின் இயல்பையே மாற்றிவிடுகிறது. முதலாளியம் மனிதரை அடைத்து வைக்கிறதா, அன்றி வேறொரு வகை மனிதராகவே ஆக்குகிறதா என்னும் வினா இவ்விரு சொற்களுக்கிடையே நிற்கிறது. கூண்டு என்ற சொல்லை மட்டும் எடுத்தாளும் இடுபணியில் அவ்வினா எழுவதற்கே இடமில்லை.

வெபரின் வினாவை மீட்டெடுத்தால் என்ன நேரும்? ஒரு தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரை எடுத்துக்கொள்வோம். படிநிலை உண்டு, விதிகள் உண்டு என்று பட்டியலை நிரப்புவது எளிது. மாறாக, 'அவர் சொல்லை யார், எதனால் ஏற்கின்றனர்?' என்று கேட்டால் ஆய்வு வேறு திசையில் செல்லும். ஆசிரியர்கள் அவர் பதவிக்குக் கீழ்ப்படிகின்றனர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் பள்ளி வாரியத்தினரும் அவருக்குக் கீழ்ப்பட்ட பணியாளர் அல்லர். ஆயினும், அவர் கேட்கும்போது நிதி திரட்டுகின்றனர், விடுமுறை நாளில் வந்து உழைக்கின்றனர். அவ்விடத்தில் செயற்படுவது சட்டமா, ஆசிரியர்க்குரிய மரபான மதிப்பா, அவரது தனிப்பட்ட ஆற்றலா? அவர் மாற்றலாகிச் சென்றபின் அவ்வொத்துழைப்பு நிலைக்கிறதா? இவ்வினாக்களுக்குக் களத்தில்தான் விடை கிடைக்கும்.

மாஸ்லோவும் அவர் வரையாத முக்கோணமும்

நிர்வாகவியல் இடுபணிகளில் ஆபிரகாம் மாஸ்லோவின் தேவைப் படிநிலைக்கு நீங்கா இடமுண்டு. அதனுடன் ஐந்தடுக்கு முக்கோணப் படம் ஒன்றும் தவறாமல் இடம்பெறும். 1943இல் உளவியல் ஆய்விதழொன்றில் வெளிவந்த மாஸ்லோவின் மூலக் கட்டுரையில் அத்தகைய படம் இல்லை. டாட் பிரிஜ்மன், ஸ்டீபன் கமிங்ஸ், ஜான் பல்லார்ட் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இம்முக்கோணத்தின் தோற்றத்தைச் சார்லஸ் மெக்டெர்மிட் என்னும் ஆலோசக உளவியலாளர் 1960இல் எழுதிய கட்டுரையில் காண்கிறது. ஊழியரை ஊக்குவிப்பதில் பணத்தின் பங்கு பற்றிய கட்டுரை அது.

படம் யாருடையது என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆயின், படம் கோட்பாட்டின் பொருளையே மாற்றியுள்ளது. கீழ்த்தட்டு நிறைந்தபின்னரே மேல்தட்டுக்கு ஏறலாம் என்பது முக்கோணம் தரும் எண்ணம். மாஸ்லோ அதனை மூலக் கட்டுரையிலேயே மறுக்கிறார். ஒரு தேவை முழுதும் நிறைவேறிய பின்னரே அடுத்தது எழும் என்பது தவறான எண்ணம் என்று சுட்டி, விளக்கத்திற்காகச் சில எண்களைக் கற்பனையாகத் தருகிறார்: உடல்சார் தேவையில் 85 விழுக்காடு, பாதுகாப்பில் 70, அன்பில் 50, தன்மதிப்பில் 40, தன்னிறைவாக்கத்தில் 10 என ஒருவருக்கு ஒரே காலத்தில் எல்லாத் தேவைகளும் ஓரளவு நிறைவேறியும் ஓரளவு நிறைவேறாமலும் இருக்கலாம். வரிசை மாறுவோரும் உளர் என்றும், ஒரே செயலுக்குப் பல ஊக்கங்கள் இருக்கலாம் என்றும் அவர் எழுதியுள்ளார்.

தோட்டத்திலிருந்து நகர்ப்புற அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தைப் பற்றி மாணவர் ஒருவர் எழுதுகிறார் என்று கொள்வோம். நிலையான வேலை இல்லை. வீடோ வாடகை வீடு. எனினும், அக்குடும்பம் கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்கிறது; பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு அனுப்புகிறது. முக்கோணத்தைக் கையில் வைத்திருக்கும் மாணவர்க்கு இரு வழிகளே உண்டு: இச்செய்தியை மறைத்துவிடலாம், அல்லது அக்குடும்பம் முன்னுரிமை அறியாதது என்று தீர்ப்புக் கூறலாம். இரண்டாவது வழி கவலைக்குரியது. தம் சொந்த மக்களைக் குறையுடையோராகக் காட்டும் ஒரு தீர்ப்பை, மூல ஆசிரியர் வரையாத ஒரு படத்தைக்கொண்டு மாணவர் எழுத நேர்கிறது. மூலக் கட்டுரையைப் படித்த மாணவரோ, சேர்ந்து வாழ்தலும் தன்மதிப்பும் அக்குடும்பத்தின் பாதுகாப்போடு எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்று கேட்பார். இத்தேவைகளை இவ்வாறு தனித்தனியே பிரித்தல் தகுமா என்று மாஸ்லோவையே வினவும் நிலைக்கும் வருவார்.

நிர்வாகக் கோட்பாடுகளைப் பட்டியலாகக் கொள்வதன் இடரை ஹெர்பர்ட் சைமன் 1946இலேயே சுட்டிக்காட்டினார். நிர்வாக நெறிகள் பழமொழிகளைப் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் நேர்மாறான ஒன்று இருக்கும் என்பது அவர் வாதம். மேலாளர் ஒருவரின்கீழ்ச் சிலரே இருத்தல் வேண்டும் என்பது ஒரு நெறி. கட்டளை செல்லும் படிகள் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொரு நெறி. பெரிய நிறுவனமொன்றில் முன்னதைக் கடைப்பிடித்தால் படிகள் பெருகிப் பின்னது கெடும். 'பதறாத காரியம் சிதறாது' என்றும் 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்றும் வழங்கும் நமக்கு இது புதிதன்று. எச்சூழலில் எதனைக் கொள்வது என்பதற்குச் சான்று காட்டுவதே அறிவுடைமை. இரு நெறிகளையும் அடுத்தடுத்த பத்திகளில் போற்றி எழுதும் இடுபணி அதனைச் செய்வதில்லை.

வடிவமைப்பு: சிக்கல் எது என்னும் சிக்கல்

சைமன் வடிவமைப்புத் துறைக்கும் வழிகாட்டியவர். 1969இல் வெளிவந்த நூலில், இருக்கும் நிலையை விரும்பத்தக்க நிலையாக மாற்றுவதற்கு வழிவகுப்போர் அனைவரும் வடிவமைப்போரே என்னும் விரிந்த பொருளை அவர் தந்தார். மருத்துவர் தரும் சிகிச்சையும், நிறுவனம் வகுக்கும் விற்பனைத் திட்டமும் அப்பொருளில் வடிவமைப்பாகும். 'வடிவமைப்பு' என்னும் தமிழ்ச் சொல்லில் 'வடிவம்' முன்நிற்பதால், மாணவர் தோற்றத்தையும் அழகையும் மட்டுமே எண்ணுகின்றனர். சொல்லை மாற்றவேண்டும் என்று நாம் கூறவில்லை. அச்சொல் எதனை மறைக்கிறது என்பதை வகுப்பில் கூறவேண்டும்.

இத்துறை இடுபணிகளில் இரு சட்டகங்கள் மிகுதியும் ஆளப்படுகின்றன. ஒன்று, பிரிட்டனின் வடிவமைப்பு மன்றம் 2000களின் நடுப்பகுதியில் உருவாக்கிய 'இரட்டை வைரம்'. கண்டறிதல், வரையறுத்தல், உருவாக்குதல், வழங்குதல் என்பன அதன் நான்கு நிலைகள். மற்றொன்று, ஹோர்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் 1973இல் எழுதிய கட்டுரையில் விளக்கிய 'முரட்டுச் சிக்கல்' என்னும் கருத்து. அத்தகைய சிக்கல்களுக்கு 10 இயல்புகளை அவர்கள் கூறினர். இறுதியான வரையறை இல்லாமை, 'இத்துடன் முடிந்தது' என்று நிறுத்துவதற்கு விதி இல்லாமை, விடைகள் சரி–தவறு என்றன்றி நல்லது–தீயது என்றே மதிப்பிடப்படுதல் ஆகியன அவற்றுட் சில.

இவ்விரண்டையும் ஒரே இடுபணியில் அடுத்தடுத்து விளக்கி, இரண்டையும் பின்பற்றியதாக எழுதுவதை நாம் காண்கிறோம். இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது கவனிக்கப்படுவதில்லை. முதலாவது, பாதிவழியில் சிக்கலை வரையறுத்துவிடலாம் என்று கொள்கிறது. இரண்டாவது, சிக்கலை வரையறுப்பதே சிக்கல் என்கிறது. நாம் எண்ணும் தீர்வுக்கேற்பவே சிக்கலின் வரையறை அமையும் என்கிறது.

பள்ளி நூலகத்தில் தமிழ் நூல்களை மாணவர் இரவல் பெறுவதில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அறைகலன் வடிவமைப்பவர் இருக்கையும் ஒளியும் போதா என்பார். நூல் தேர்வாளர் நூல்கள் சுவையற்றவை என்பார். மொழியாசிரியர் வாசிப்புத்திறன் தாழ்ந்துள்ளது என்பார். கால அட்டவணை வகுப்பவர் நேரமில்லை என்பார். ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள தீர்வின் வடிவிலேயே சிக்கலைக் காண்கின்றனர். மாணவர் முதலிலேயே வண்ண வண்ண அலமாரி ஒன்றை முடிவு செய்துகொண்டு, பின்னர் இரட்டை வைரத்தின் நான்கு பெட்டிகளையும் நிரப்பினால், அவர் கண்டறிந்தது ஒன்றுமில்லை. இந்த நால்வரின் வரையறைகளுள் எதனை ஏற்றார், எதனால் மற்றவற்றை விட்டார் என்பதை எழுதியிருந்தால் அதுவே வடிவமைப்பு இடுபணியின் உயிராக இருந்திருக்கும். மேலும், இத்தகைய பணியில் ஒவ்வொரு முயற்சியும் உண்மையான மனிதர்மீது விளைவை ஏற்படுத்துகிறது. தவறு செய்யும் உரிமை திட்டமிடுவோர்க்கு இல்லை என்று ரிட்டலும் வெப்பரும் கூறியதன் பொருள் அப்போது விளங்கும்.

கோட்பாடும் நம் நிலமும்

இக்கோட்பாடுகள் யாவும் பிற நாடுகளில், பிற சூழல்களில் எழுந்தவை. அவற்றை இவ்வட்டாரத்தில் கற்பிப்பது குறித்து நம் முன்னோர் சிந்தித்துள்ளனர். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வியல் துறைக்கு நெடுங்காலம் தலைமை வகித்தவரும் பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கியவருமான சையத் உசேன் அலாத்தாஸ், 1972இல் 'சிறைப்பட்ட மனம்' என்னும் கருத்தை விரித்துரைத்தார். மேலைச் சிந்தனையை ஆய்ந்து பாராமல் பின்பற்றுவது, சொந்தமாகச் சிக்கல்களை எழுப்ப இயலாதிருப்பது ஆகியன அம்மனத்தின் இயல்புகளாக அவர் கூறுபவை. வினா எழுப்ப இயலாமையே அடிமைத்தனத்தின் அடையாளம் என்பது நம் பொருளுக்கு மிகவும் இயைந்தது.

அலாத்தாஸ் மேலைக் கோட்பாட்டை ஒதுக்கவில்லை என்பது இங்கு வற்புறுத்தத்தக்கது. 1963இல் அவர் வெபரின் கருதுகோளைத் தென்கிழக்காசியாவில் வைத்து ஆராய்ந்தார். ஒரே சமயத்தைச் சார்ந்த குழுக்களிடையேயும் பொருளியல் ஊக்கம் வேறுபடுவதை எடுத்துக்காட்டி, சமயத்தை மட்டும் காரணமாகக் கொள்வதன் எல்லையைக் காட்டினார். மில்டன் சிங்கர் 1960களில் சென்னைத் தொழிலதிபர்களிடையே ஆய்வு நிகழ்த்தி, இந்து சமயம் தொழில் வளர்ச்சிக்குத் தடை என்னும் கருத்தைச் சோதித்தார். சடங்குக்குரிய இடத்தையும் தொழிலுக்குரிய இடத்தையும் அவர்கள் தனித்தனியே பேணியதைக் கண்டார். வெபரின் வினாவை ஏற்று, அவர் விடை தோற்கக்கூடிய இடத்தில் வைத்து ஆராய்ந்தமையே இவ்விருவரின் சிறப்பு.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் சையத் பரீத் அலாத்தாஸும் வினிதா சின்ஹாவும் செவ்வியல் சமூகக் கோட்பாடு கற்பித்த பட்டறிவை 2001இல் கட்டுரையாக எழுதினர். 2017இல் இப்னு கல்தூன், ஹோசே ரிசால், பண்டித ரமாபாய் முதலியோரையும் மார்க்ஸ், வெபர், டர்க்ஹைம் ஆகியோரோடு ஒருசேர வைத்து நூலொன்றை வெளியிட்டனர். இது போற்றத்தக்க முயற்சி. ஆயினும், இதுவும் ஒரு பெட்டியாகிவிடும் இடர் உண்டு. 'இக்கோட்பாடு ஐரோப்பிய மையமானது' என்னும் ஒரு வரியை இறுதிப் பத்தியில் சேர்த்தால் திறனாய்வுக்குரிய மதிப்பெண் கிடைத்துவிடும் என்று மாணவர் அறிந்துகொண்டனர். எவ்விடத்தில், எவ்வாறு பொருந்தவில்லை என்று காட்டாத கண்டனமும் மனப்பாடமே.

ஓர் எதிர்வாதம்

14 வாரப் பருவத்தில் நான்கைந்து பாடங்கள் பயிலும் இளங்கலை மாணவரிடம் மூலநூல்களைப் படிக்கச் சொல்வது மிகை என்று சிலர் கூறுவர். முழுநூல்களைப் படிக்கச் சொல்வது மிகையே. ஆயின், மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரை 27 பக்கங்களே. ரிட்டல், வெப்பர் கட்டுரை 15 பக்கங்கள். சைமனின் பழமொழிக் கட்டுரையும் 15 பக்கங்கள். ஒரு பருவத்தில் ஒரு மூலக் கட்டுரையை முழுமையாகப் படிப்பது இயலாத செயலன்று. பத்துப் பாடநூல்களின் சுருக்கங்களைத் தேடித் திரட்டும் நேரத்தைவிட அது குறைவாகவே இருக்கும்.

மேலும், 2022ஆம் ஆண்டின் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், கோட்பாட்டுச் சுருக்கமும் பொருத்திக்காட்டலும் கணினியே நொடியில் எழுதித்தரும் பணிகளாகிவிட்டன. அவற்றுக்கு மதிப்பெண்ணின் பெரும்பகுதியை ஒதுக்கிவைத்துவிட்டு, மாணவர் நேர்மையை மட்டும் ஐயுறுவது ஆசிரியர்க்கு அழகன்று. மாற்ற வேண்டியது வினாத்தாளையே. 'இக்கோட்பாட்டை விளக்கிப் பொருத்துக' என்பதற்கு மாறாக, 'இக்கோட்பாடு எவ்வினாவுக்கு விடையாக எழுந்தது? நீங்கள் நேரில் அறிந்த ஒரு நிகழ்வில் அவ்வினா எழுகிறதா? கோட்பாடு விளக்காமல் விட்ட செய்தி ஒன்றைக் காட்டுக' என்று கேட்கலாம். எழுதியதைப் பற்றிப் பத்து நிமிடம் வாய்மொழியாக வினவுவதும் பயன் தரும்.

முடிவுரை

தமிழ் பயின்றோர்க்கு இந்நெறி அயலானதன்று. உரையின் கூறுகளாக நன்னூல் கூறும் பதினான்கனுள் வினாவும் விடையும் இடம்பெறுகின்றன. நூலுக்குரிய எழுவகை மதங்களை அது கூறும்போது, பிறர் கருத்துக்கு உடன்படுதல் அவற்றுள் ஒன்றே. மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், மாறுபடும் இருவர் கருத்துகளுள் ஒன்றைத் துணிதல் ஆகியனவும் அங்கு நூல் செய்வோர்க்கு உரிய நெறிகளே. நம் மாணவர் இடுபணிகளில் காணப்படுவது பெரும்பாலும் உடன்படுதல் மட்டுமே. இரட்டை வைரமும் முரட்டுச் சிக்கலும் மோதுமிடத்தில் ஒருதலை துணியவும், வெபரை ஏற்றுப் பின்னர் அவர் எல்லையைக் காட்டவும் நம் இலக்கணக் கல்வியே மாணவரைப் பயிற்றியிருக்க வேண்டும். இலக்கண வகுப்பில் நன்னூற் சூத்திரத்தை ஒப்பித்துவிட்டு, சமூகவியல் வகுப்பில் வெபரை ஒப்பிக்கும் மாணவர் இரண்டையும் கற்றவராகார்.

பட்டதாரி ஆனபின் இம்மாணவருள் சிலர் பள்ளிகளை நடத்துவர். சிலர் சமூக அமைப்புகளுக்குத் திட்டம் வகுப்பர். சிலர் நம் மக்களின் நிலைபற்றி அறிக்கை எழுதுவர். முக்கோணத்தைக்கொண்டு ஒரு குடும்பத்தை அளந்து பழகியவர், அவ்வறிக்கையிலும் அவ்வாறே அளப்பர். ஆகவே, இடுபணியில் வினாவை மீட்டுத் தருவது மதிப்பெண்ணோடு முடியும் செய்தியன்று. அடுத்த பருவத்துக்கான வினாத்தாளைத் தயாரிக்கும்போதே அப்பணியை நாம் தொடங்கலாம்.